'ராத்திரி ஒரு மாத்திரை'ன்னா எப்போ டாக்டர்? கும்மிடிப்பூண்டி சொல்லித்தரும் மருத்துவப் பாடம்!

"காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பிட்டதும் போடுங்க." நமக்கு ஈஸியா புரியும். ஆனால், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து, பகல் முழுக்கத் தூங்கும் ஒடிசா தொழிலாளிக்கு எது காலை, எது ராத்திரி?

திருவள்ளூர் மாவட்டத்தின் தொழிற்சாலைகளிலும் செங்கல் சூளைகளிலும் வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஏராளம். அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம்தான். ஆனா, லீவு போட்டா அன்றைய கூலி போச்சு. துணைக்கு கான்ட்ராக்டர் வந்தா, அவர் முன்னாடி உண்மையான தொந்தரவைச் சொல்ல பயம்.

கேட்காத கேள்வி

காசநோயையே எடுத்துக்கோங்க. குறைந்தது 6 மாதம் விடாமல் மாத்திரை சாப்பிடணும். இருமல் நின்னதும் ஊருக்கு ரயிலேறிட்டா சிகிச்சை பாதியில் நின்னுடும். 'நிக்‌ஷய்' தளம் மூலம் சொந்த ஊருக்கே சிகிச்சையை மாற்ற வழி இருக்கு. "ஊருக்கு எப்போ போவீங்க?"ன்னு டாக்டர் கேட்டால்தானே அது நடக்கும்?

மொழி மட்டுமே சிக்கல் இல்லை. இதே மாவட்டத்து இருளர் மக்களுக்குத் தமிழ் தெரியும். ஆனாலும், ஓ.பி. வரிசையில் ஓர் அதட்டல் விழுந்தால், மறுபடி வரத் தயங்குவாங்க.

சிலபஸ்ல இருக்கா?

இருக்கு. 2019-ல் வந்த எம்.பி.பி.எஸ் பாடத்திட்டத்தில், நோயாளியிடம் பேசும் முறையும் ஒரு பாடம். 2021-22 முதல், ஒவ்வொரு மாணவரும் சில கிராமக் குடும்பங்களைத் தத்தெடுத்து உடல்நலத்தைக் கவனிக்கணும். ஆனால், ஒரே அறையில் ஷிப்ட் மாறி மாறித் தூங்கும் பத்து இளைஞர்கள் 'குடும்பம்' என்ற கணக்கில் வருவாங்களா? 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரியின் மாணவர்கள், அப்படி ஓர் அறையையும் தத்தெடுத்தால் என்ன?

நியூசிலாந்தில் 1992-லேயே இதை நர்ஸிங் படிப்பில் சேர்த்துட்டாங்க. மவோரி பழங்குடி நர்ஸ் இரிஹாபெட்டி ராம்ஸ்டன் முன்னெடுத்த 'பண்பாட்டுப் பாதுகாப்பு' பாடம் அது. சிகிச்சை மரியாதையாக, பாதுகாப்பாக இருந்ததான்னு நோயாளிதான் சொல்லணும் என்பதே அதன் அடிப்படை.

'ஒடிசாக்காரங்க இப்படி, இருளர்கள் அப்படி'ன்னு பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யறது இதுக்கு நேரெதிர். அது இன்னொரு முத்திரை குத்தலாகிடும். கத்துக்க வேண்டியது கேள்விகளைத்தான்: எந்த ஷிப்ட்? எப்போ சாப்பிடுவீங்க? உங்களுக்காகப் பேச யாரைக் கூப்பிடலாம்? நான் சொன்னதை ஒருமுறை திருப்பிச் சொல்றீங்களா?

இதுக்கு ஸ்கேன் மெஷின் வேண்டாம். கூடுதலா இரண்டு நிமிஷம் போதும். கூட்டம் நெரியும் ஓ.பி.யில் அந்த இரண்டு நிமிஷத்தை ஒதுக்கித் தர்றது, நிர்வாகம் படிக்க வேண்டிய பாடம்.