காவல் நாய்க்கு ராத்திரி இருமலா? மூச்சை எண்ணிப் பாருங்கள்!

கேள்வி: ''இறால் குட்டைக் காவலுக்கு ஏழு வயது டாபர்மேன் வைத்திருக்கிறேன். ஒரு மாதமாக ராத்திரியில் இருமுகிறது. கொஞ்சம் ஓடினாலே படுத்துவிடுகிறது. ஸ்கேன் பார்த்த டாக்டர், 'இதயத் தசை நோய், நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது' என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார். பிழைக்குமா? ஊசி போட்டு முடித்துவிடச் சொல்கிறார்கள் வீட்டில்.''
- வாசகர், முத்துப்பேட்டை.

பதில்: ஊசிக்கு இப்போது அவசரமில்லை. ஆனால், இது முழுவதும் குணமாகிற நோயும் இல்லை.

இதயத் தசை மெலிந்து, அறை விரிந்துவிடுவதுதான் இந்த நோய். வாஷர் தேய்ந்த பம்ப் மாதிரி, இதயம் துடிக்கும். ரத்தம் சரியாக ஏறாது. அதனால் நுரையீரலிலும் வயிற்றிலும் நீர் கோக்கும். டாபர்மேன், கிரேட் டேன், பாக்சர் இனங்களில் இது பரம்பரையாக வரும்.

நீர் கோத்த பிறகு டாபர்மேன் பெரும்பாலும் சில மாதங்களே தாங்கும். வேறு சில இனங்கள் ஒரு வருடம் தாண்டுவதும் உண்டு. துடிப்பு தாறுமாறானால் திடீரென விழுந்தும் இறக்கலாம். ஆகவே, காவல் வேலைக்கு இன்றோடு ஓய்வு கொடுங்கள்.

நீரை வடிக்க ஃபுரோசமைடு, இதயத்துக்குத் தெம்பு தர பிமோபென்டான் கொடுப்பார்கள். நீங்களாக நிறுத்தக் கூடாது. சிறுநீர் அதிகம் போகும். குடிதண்ணீர் எப்போதும் இருக்கட்டும். கருவாடு, உப்புப் போட்ட குழம்புச் சோறு வேண்டாம்.

தினமும் நாய் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒன்று என்று வைத்து, ஒரு நிமிடம் எண்ணி நோட்டில் எழுதுங்கள். 30-க்குள் இருந்தால் நல்லது. மறுபடி எண்ணியும் 30-ஐத் தாண்டினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். மேல்சிகிச்சைக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போனில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

இதன் குட்டிகள் யாரிடமாவது இருந்தால் சொல்லிவிடுங்கள். மூன்று வயதிலிருந்து வருடம் ஒருமுறை எக்கோ, இ.சி.ஜி. எடுக்க வேண்டும். அறிகுறி வரும் முன்பே பிமோபென்டான் கொடுத்த டாபர்மேன்கள் சுமார் 718 நாட்களும், கொடுக்காதவை 441 நாட்களும் நோய் முற்றாமல் இருந்ததாக 2012-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. இனவிருத்திக்கு மட்டும் விடாதீர்கள்.

மருந்து கொடுத்தும் படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சு வாங்கி, தீனியையும் ஒதுக்கினால், அன்றைக்கு டாக்டரோடு உட்கார்ந்து ஊசியைப் பற்றிப் பேசுங்கள். அதுவரை அது உங்கள் வாசலிலேயே படுத்திருக்கட்டும்.