புது குக்கர் கொடுத்தால் போதுமா?

எங்கள் தெருவில், மூணு வீடு தள்ளி இருக்கும் அக்காவுக்கு, பிரஷர் குக்கர் வெடித்து, கை, கழுத்தெல்லாம் வெந்து போனது. வாங்கி நாலு மாதம் கூட ஆகவில்லை. கம்பெனி ஆட்கள் வந்தனர். வெடித்ததை எடுத்துக் கொண்டு, புது குக்கரும், ஆஸ்பத்திரி செலவில் பாதியும் கொடுத்து, ஒரு தாளில் கையெழுத்து வாங்கிப் போய் விட்டனர்.

'அதான் புதுசே கொடுத்துட்டாங்கள்ல... இன்னும் என்ன வேணுங்குதே?' என்று, எல்லாரும் அக்காவிடமே கேட்கின்றனர். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

குற்றாலம் அருவியில் சோப்பு, ஷாம்பு போட்டுக் குளிக்கக் கூடாது என்று தடை இருக்கிறது. சீசனில் அதை மீறி ஷாம்பு விற்கிற பெட்டிக் கடைக்காரருக்கு, ஐநூறு ரூபாய் அபராதம் போட்டால், அன்றைய வியாபாரமே போச்சு. மறுபடி விற்க யோசிப்பார். அதே ஐநூறு, கோடிக்கணக்கில் சம்பாதிக்கும் கம்பெனிக்கு டீ செலவு! நஷ்டத்துக்கு ஈடு கொடுப்பது வேறு. இனி இப்படி செய்யாதே என்று, உறைக்கிற மாதிரி கூடுதலாகக் கட்ட வைப்பது வேறு.

இது நான் சொல்வதல்ல. டில்லி ஸ்ரீராம் ஆலையில் விஷவாயு கசிந்த வழக்கில், ஆபத்தான தொழில் செய்யும் கம்பெனி எவ்வளவு பெரிதோ, இழப்பீடும் அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று, 1986ல் சுப்ரீம் கோர்ட் சொல்லி விட்டது. அதை வைத்துத்தான், நம் பக்கத்து தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையை, 2013ல், 100 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. இதற்குக் குறைந்தால் அந்த கம்பெனிக்கு உறைக்காது என்றும் சொன்னது. (அதுவும் போதவில்லை என்பதே என் எண்ணம். 2018ல், 13 உயிர் போன பிறகு தானே ஆலையை மூடினர்!)

குக்கர், மிக்சி வாங்குகிற நமக்கும் வழி உண்டு, சகோதரிகளே. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த புது நுகர்வோர் சட்டப்படி, நஷ்ட ஈட்டுக்கு மேல், தண்டனையாகவும் பணம் கட்டச் சொல்ல, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே அதிகாரம் இருக்கிறது. ஒரே குறையுள்ள சரக்கு ஊரெல்லாம் விற்று, யார் யாருக்கு பாதிப்பு என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால், விற்ற மதிப்பில் 25 சதவீதத்துக்கு குறையாமல் கட்ட வைக்கலாம். பழைய சட்டத்தில் இது வெறும், 5 சதவீதம்.

ஆனால், வாயைத் திறந்து கேட்க வேண்டும். ஒரு கார் கம்பெனியின் பொய் விளம்பரத்துக்காக, தேசிய நுகர்வோர் ஆணையம், 25 லட்சம் ரூபாய் தண்டம் விதித்தது. 2014ல் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது. காரணம், புகார் மனுவில் அதை யாரும் கேட்கவே இல்லையாம்!

அதனால், மனு எழுதும் போது, 'தண்டனை இழப்பீடும் வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்து விடுங்கள். வெடித்த பொருளை கம்பெனியிடம் தூக்கிக் கொடுத்து விடாதீர்கள், அதுதான் சாட்சி. பில்லையும் பத்திரப்படுத்துங்கள். ரெண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. விவரம் தெரியாவிட்டால், 1915க்கு போன் போட்டு தமிழிலேயே கேளுங்கள்.

— ஒரு வாசகி, தென்காசி.