"வயசாச்சு" என்று நானும்தான் சொன்னேன்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அக்காவுக்கு 78 வயது. தெருவில் யார் கல்யாணம் எந்த வருஷம் நடந்தது என்று கேட்டால் பட்டென்று சொல்வார். அன்று சாயந்திரம் என்னிடம், "ஏன் தம்பி, அத்தான் இன்னும் வயல்லேர்ந்து வரலையே, போய்ப் பாத்துட்டு வர்றியா?" என்றார். அத்தான் இறந்து ஒன்பது வருஷம். ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஏதேதோ பேசினார். மறுநாள் சாப்பாடுகூட வேண்டாமென்று சுருண்டு படுத்துவிட்டார். பெரிதாகக் காய்ச்சலும் இல்லை. பக்கத்து வீட்டில் மந்திரிக்கச் சொன்னார்கள். நான் சொன்னது, "வயசாச்சு, இனிமே இப்படித்தான்."

34 வருஷம் அறிவியல் வாத்தியார். ரத்த ஓட்டத்தைக் கலர் சாக்பீஸில் உங்களுக்கு வரைந்து காட்டியவன். அந்த வாயால்தான் சொன்னேன்.

மூன்றாம் நாள் நர்ஸாக இருக்கும் பழைய மாணவி ஒருத்தி போனில் கேட்டாள்: "சார், இது திடீர்னு வந்ததா, கொஞ்சம் கொஞ்சமா வந்ததா? யூரின் போறப்ப எரிச்சல் இருக்கா?" அழைத்துக்கொண்டு ஓடினோம். சிறுநீர்த் தொற்று. ஐந்து நாள் ஆஸ்பத்திரி. தொற்று அடங்க அடங்கப் பேச்சும் தெளிந்தது.

சிறுநீர்ப்பைக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்? நம்மூர் பாசனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான். உடல் ஓய்வில் செலவிடும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதம் அதற்கே போகிறது. சேமித்து வைக்கவும் வழியில்லை. எந்தப் பகுதி வேலை செய்கிறதோ, அந்தப் பக்கம் உடனே மடை திறந்து ரத்தம் பாய வேண்டும். திறப்பதில் ரத்தக்குழாயின் உள்சுவரில் படர்ந்த மெல்லிய செல் படலத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. அது விடும் நைட்ரிக் ஆக்சைடுதான் குழாயைத் தளர்த்தும். (1998 நோபல் பரிசு எதற்கு என்று வினாடி வினாவில் கேட்பேனே, இதற்குத்தான்.)

உடலில் எங்கோ தொற்று வந்து அழற்சி உடம்பு முழுக்கப் பரவும்போது சைட்டோகைன் என்னும் ரசாயனங்கள் ரத்தத்தில் ஓடுகின்றன. அப்போது அந்தப் படலம் கெடுகிறது. நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது, வெள்ளையணுக்கள் சுவரில் ஒட்டுகின்றன, ரத்தம் எளிதில் உறைகிறது. மடை சரியாகத் திறக்காது. முதலில் காய்வது கடைமடைதானே? மூளையின் ஆழத்தில், நீண்ட மெல்லிய குழாய்களின் நுனியில் இருக்கும் பகுதிகள் அப்படிப்பட்டவை. பல வருஷம் சுகரும் பிரஷரும் இருந்தவர்களுக்கு வாய்க்கால் ஏற்கெனவே தூர்ந்துதான் கிடக்கும்.

அக்காவின் குழப்பத்துக்கு ரத்த ஓட்டம் மட்டுமே காரணம் என்று சொல்ல வரவில்லை. அழற்சி மூளையை நேராகவும் கலக்கும். டாக்டர்கள் இதை டெலிரியம் என்கிறார்கள். ஆனால் அழற்சிக்கும் ரத்தக்குழாய்க்கும் உள்ள தொடர்பு விளையாட்டில்லை. பிரிட்டனில் நடந்து 2004இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், நெஞ்சுச் சளித் தொற்று வந்த முதல் மூன்று நாளில்தான் பக்கவாதமும் மாரடைப்பும் வரும் ஆபத்து மிக அதிகமாக இருந்தது.

என் கருத்து இதுதான். "வயசாச்சு" என்பது நோயின் பெயர் அல்ல. முப்பது வயதுக்காரன் இப்படி உளறினால் மூன்று நாள் சும்மா இருப்போமா? மறதி நோய் பெரும்பாலும் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெல்ல வரும். நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று தடுமாறினால் இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகவே ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். வாய் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ விடியட்டும் என்று இருக்காமல் 108க்கு அடியுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கணக்கு. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, வீடியோ காலில் அம்மா ஏதோ மாற்றிப் பேசினால் சிரித்துவிட்டு வைத்துவிடாதீர்கள்.

அக்காவுக்கு ஏன் தொற்று வந்தது என்று அப்புறம்தான் விசாரித்தேன். கக்கூஸ் கொல்லையில், வழியெல்லாம் இருட்டு. விழுந்துவிடுவோம் என்று பயந்து, சாயந்திரம் நாலு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருக்கிறார். எத்தனை மாதமாக என்று கேட்டேன். "அது இருக்கும்டா ஒரு வருஷம்" என்றார். போன ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு லைட் போட்டேன்.