எரு மட்டும் போதாது, அதைக் காக்கக் களியும் வேண்டும்

"வருடம் தவறாமல் எரு அடிக்கிறேன். மண் அப்படியே வெளிறித்தான் கிடக்கிறது. போட்டதெல்லாம் எங்கே போகிறது, ஐயா?" புதுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண் விவசாயி ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. குறை அவருடைய எருவில் இல்லை. எருவைப் பிடித்து வைக்கும் களி அவருடைய மேல்மண்ணில் மிகக் குறைவு.

நிலத்தில் இடும் தொழு உரத்தையும் தழையையும் நுண்ணுயிர்கள் தின்று சிதைக்கின்றன. அதிலுள்ள கரிமத்தின் பெரும் பகுதி கரியமில வாயுவாகக் காற்றில் கலந்துவிடுகிறது. நம் வெயிலில் இது வெகு விரைவாக நடக்கும். எஞ்சிய பொருள்களிலும் மடிந்த நுண்ணுயிர்களின் எச்சத்திலும் ஒரு பகுதி களித்துகள்களின் மேல் ஒட்டிக்கொள்கிறது. கால்சியம் இடையில் பாலமாக நின்று களியையும் மக்கையும் பிணைக்கிறது. செம்மண்ணில் இரும்பு ஆக்சைடும் இப்படிப் பிடித்து வைக்கிறது. இவ்வாறு ஒட்டிய மக்கை நுண்ணுயிர்கள் எளிதில் அரிக்க முடிவதில்லை. பருமணலில் இந்தப் பிடிப்பு இல்லை.

களியிலும் வகை உண்டு. கோவில்பட்டி, விருதுநகர்க் கரிசலில் மிகுதியாக இருப்பது மாண்ட்மோரில்லோனைட். அதன் ஒரு கிராமை ஏடு ஏடாகப் பிரித்தால் பரப்பு சுமார் 700 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 17 சென்ட் வரும்! செம்மண்ணில் மிகுதியான கயோலினைட்டுக்கு ஒரு கிராமுக்கு 10 முதல் 20 சதுர மீட்டர்தான். அரை சென்ட்டைத் தாண்டாது.

அப்படியானால் கரிசல்காரர்களுக்குக் கவலை இல்லையா? உண்டு. களி என்பது குதிர். தானியம் போட்டால்தான் குதிர் நிறையும். எருவே காணாத கரிசலிலும் கரிமம் குறைவாகத்தான் இருக்கும்.

ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் இடுங்கள் என்று எல்லா மண்ணுக்கும் ஒரே பரிந்துரையை நாங்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறோம். அந்த எருவைத் தாங்கும் களி நிலத்தில் உண்டா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். இது எங்கள் பக்கத்துக் குறை என்பதே என் கருத்து.

நம் முன்னோர் கோடையில் கண்மாய்க் கரம்பையை வண்டி வண்டியாக வயலுக்கு அடித்தார்கள். அந்தப் பழக்கத்தை மீண்டும் கொண்டுவர வேண்டும். மேல்மண்ணை ஈரமாக்கி உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். திரியாக நீளாமல் உதிர்ந்தால் களி போதாது. மிகுந்த மணற்பாங்கான நிலத்துக்கு ஏக்கருக்கு 40 டன் வரை களிமண் இடலாம். ஒரே ஆண்டில் முடியாவிட்டால் ஆண்டுக்குக் கால் ஏக்கராகச் செய்யுங்கள். கரம்பையை உலரவிட்டு, கட்டிகளை உடைத்துப் பரப்பி, அதே பருவத்தில் எருவையும் இட்டு உழுதுவிடுங்கள். களி மட்டும் இட்டால் காலிக் குதிர். எரு மட்டும் இட்டால் குதிரில்லாத தானியம்.

எல்லாக் கண்மாய் மண்ணும் நல்லதல்ல. உவர் ஏறிய கரம்பை நிலத்தைக் கெடுக்கும். அள்ளும் முன் மண் பரிசோதனை நிலையத்தில் உப்பின் அளவைப் பார்த்துவிடுங்கள். ஏற்கெனவே தண்ணீர் தேங்கும் களி நிலத்துக்கு இது தேவையே இல்லை.

வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெற்று விவசாயிகள் வண்டலை இலவசமாக எடுக்க 2024-இல் அரசு வழி செய்தது. ஆனால் மண் இலவசமானாலும் வண்டி வாடகை இலவசமில்லை. சிறு விவசாயிக்கு அந்த வாடகையில் ஒரு பங்கை மானியமாகத் தந்தால், அவர் இடும் ஒவ்வொரு கூடை எருவுக்கும் பயன் கூடும். இல்லாவிட்டால் வசதியுள்ளவரின் வயலுக்கும் செங்கல் சூளைக்கும்தான் அந்தக் கரம்பை போய்ச் சேரும்.