அனுபவம் பாடம் நடத்தாது

ஐ.டி.ஐ.களுக்குப் பயிற்றுநரை எடுக்கும்போது ஒரு பேச்சு தவறாமல் வரும்: "இருபது வருஷம் கம்பெனியில் வேலை பார்த்தவர். அவருக்கா சொல்லிக்கொடுக்கத் தெரியாது?" நல்ல தொழிலாளி என்றாலே நல்ல வாத்தியார்தான் என்பது நம் ஊரில் யாரும் கேள்வி கேட்காத நம்பிக்கை. அது தவறான நம்பிக்கை. அதற்கான விலையை நம்பியவர்கள் கொடுப்பதில்லை, பட்டறையில் நிற்கும் பதினேழு வயதுப் பிள்ளைகள் கொடுக்கிறார்கள்.

ஃபிட்டர் பிரிவின் ஆரம்ப மாதங்களைப் பாருங்கள். வைஸில் மாட்டிய இரும்புத் துண்டை மட்டமாக ராவச் சொல்கிறார்கள். பையன் வியர்க்க வியர்க்க ராவுகிறான். நடு மேடாகிறது, இரண்டு ஓரமும் சரிகிறது. மட்டம் பார்க்கும் ட்ரை ஸ்கொயரை வைத்தால் ஓரத்தில் வெளிச்சம் தெரிகிறது. மாஸ்டர் வருகிறார், அரத்தை வாங்கி நாலு தள்ளு தள்ளுகிறார், "இப்படித்தான், பார்த்துக்கோ" என்று அடுத்த மேஜைக்குப் போய்விடுகிறார்.

பையன் எதைப் பார்த்தான்? அரம் போய் வந்ததைப் பார்த்தான். ஆனால் மாஸ்டரின் கைகள் செய்த வேலை கண்ணுக்குத் தெரிகிற வேலையே அல்ல. தள்ளத் தொடங்கும்போது அரத்தின் நுனியைப் பிடித்திருக்கும் இடது கையில் அழுத்தம் அதிகம். நடுவில் இரண்டு கையும் சமம். தள்ளி முடிக்கும்போது கைப்பிடியில் இருக்கும் வலது கைக்கு அழுத்தம் மாறிவிடுகிறது. இப்படி மாறாவிட்டால் அரம் ஆடும், ஓரங்களைத் தின்னும். பல வருடப் பழக்கத்தில் இது கைக்குள் இறங்கிவிட்டதால், தான் அப்படிச் செய்கிறோம் என்பதே மாஸ்டரின் நினைவில் இல்லை. நினைவில் இல்லாததை எப்படிச் சொல்லுவார்? தொழில் கைவரக் கைவர, அதன் படிகள் மனதிலிருந்து மறைந்துகொண்டே போகும். அதனால்தான் கைதேர்ந்தவருக்குச் சொல்லிக்கொடுப்பது கஷ்டமாகிறது.

வெல்டிங்கிலும் இதே கதைதான். "கையை ஆடாமல் வை" என்பது பாடம் ஆகாது. புதிதாக வந்தவன் ஒரே சமயத்தில் ராடின் சாய்வு, ஆர்க்கின் நீளம், கை நகரும் வேகம் மூன்றையும் கவனிக்க வேண்டும். ராடு வேறு உருகிக் குறைந்துகொண்டே வருகிறது. சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர் முதலில் கரண்ட் இல்லாமலே ஹோல்டரைப் பிடித்து நகர்த்தச் சொல்வார். பிறகு, கண்ணைக் கூசவைக்கும் ஆர்க்கை விட்டுவிட்டு அதன் பின்னால் தேங்கும் உருகிய இரும்பைப் பார்க்கச் சொல்வார். கெட்டுப்போன பீடு நாலைந்தை மேஜையில் பரப்பி, "இதில் கரண்ட் அதிகமா? இதில் ஆர்க் நீளமா?" என்று கேட்பார். பதில் சொல்லத் தெரிந்த பையனுக்குத் தன் தப்பைத் தானே பிடிக்கவும் வரும். இந்த உபாயங்கள் வெல்டிங் அனுபவத்திலிருந்து தானாக முளைப்பதில்லை. சொல்லிக்கொடுப்பது தனித் தொழில், அதைத் தனியாகக் கற்க வேண்டும்.

"நாங்கள் எல்லாம் பார்த்துப் பார்த்துத்தானே கற்றோம்" என்பார்கள். உண்மைதான். ஆனால் அப்படிச் சொல்பவர்கள் கற்று நிலைத்தவர்கள். அதே பட்டறையில் டீ வாங்கி, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, ஒன்றும் பிடிபடாமல் விலகிப்போன பையன்களை யார் கணக்கில் வைத்தார்கள்? மெக்கானிக் ஷெட்டில் ஏழெட்டு வருடம் கூடவே இருக்கலாம். ஐ.டி.ஐ.யில் வெல்டர் பயிற்சி ஒரே ஒரு வருடம்.

இந்தப் பாடத்தை அமெரிக்கா போர்க்காலத்தில் படித்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஆலைகளுக்குள் பழக்கமில்லாத புது ஆட்கள் குவிந்தார்கள். பழுத்த ஃபோர்மேன்கள் இருந்தும் அவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை. 1940 முதல் 1945 வரை நடந்த தொழிலகப் பயிற்சித் திட்டம் அந்த அனுபவசாலிகளையே உட்காரவைத்துப் பாடம் நடத்தியது. இரண்டிரண்டு மணி நேரமாக ஐந்து அமர்வு, மொத்தம் பத்து மணி நேரம். பாடம் இதுதான்: வேலையை முதலில் படிகளாகப் பிரித்து எழுது, ஒவ்வொரு படியிலும் எது பிசகினால் வேலை கெடும் என்று குறி, செய்து காட்டு, பிறகு கற்பவனைச் செய்யவைத்து ஏன் அப்படிச் செய்கிறான் என்று சொல்ல வை. பத்து மணி நேரத்தில் முடிகிற காரியம் இது.

ஜெர்மனியில் ஒருவர் தன் தொழிலில் மாஸ்டர் பட்டம் வாங்க நான்கு பகுதித் தேர்வு எழுதவேண்டும். அதில் ஒரு பகுதி முழுக்கக் கற்பித்தல் பற்றியது. தொழிற்சாலைப் பயிற்றுநர்களும் கற்பிக்கும் தகுதியை நிரூபிக்க வேண்டும் என்ற விதியை 2003-ல் அங்கே நிறுத்திவைத்துப் பார்த்தார்கள். 2009-ல் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள்.

நமக்கும் இது புதிய விஷயம் இல்லை. பயிற்றுநர்களுக்கான முதல் பயிற்சி நிலையம் இந்தியாவில் 1948-லேயே தொடங்கியது. கிண்டியில் இன்றும் மத்திய அரசின் நிலையம் இருக்கிறது, பயிற்றுநர்களுக்கான ஒரு வருடப் படிப்பும் இருக்கிறது. அதைப் படிக்காமலே பாடம் நடத்துகிறவர்களும் நாடு முழுக்க ஏராளமாக இருக்கிறார்கள். கேட்டால் அதே பதில்தான்: அனுபவம் இருக்கிறதே!

தொழில் தெரியாத பட்டதாரியைக் கொண்டுவந்து நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. அரம் பிடிக்கத் தெரியாதவர் பட்டறையில் ஒரு நாள் தாங்கமாட்டார். தொழில் அறிவு முதல் தகுதி. அதுவே முழுத் தகுதி என்று நிற்பதைத்தான் எதிர்க்கிறேன்.

என்னைக் கொதிக்க வைப்பது இதன் அடுத்த கட்டம். பாடம் ஏறவில்லை என்றதும் பழி பையன் தலையில் விழுகிறது. "மார்க் இல்லாதவன்தானே இங்கே வருகிறான், இவனுக்கு எதைச் சொன்னாலும் ஏறாது." பத்தாம் வகுப்பு வரை அதையே கேட்டுக்கேட்டு, கையாவது கைகொடுக்கும் என்று வந்தவன் அவன். அவனுடைய துண்டு ஏன் நடுவில் மேடாகிறது என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. அவனுக்கு மூளை இல்லை என்று மட்டும் இரண்டாவது முறையாகச் சொல்லி அனுப்புகிறோம்.

பயிற்றுநர் தேர்வில் இன்றே ஒன்றைச் சேர்க்கலாம். வந்தவரை ஒரு ஜாப் செய்யச் சொல்லி அளந்து பார்த்தபின், அரத்தையே தொட்டிராத ஒரு பையனை அவர்முன் நிறுத்தி அரை மணி நேரம் கொடுங்கள். அதன்பின் அந்தப் பையன் ராவிய துண்டின்மேல் ட்ரை ஸ்கொயரை வைத்து, அதற்கு மார்க் போடுங்கள்.