ஆனர்ஸ் மாணவர்களுக்கு ஒரு சபை

கல்லூரி மாணவர்களுக்குத் தொடர் பிரசங்கங்கள் நடத்துவது நல்லது என்பதில் இன்று அபிப்பிராய பேதம் இல்லை. 2023-ம் வருஷத்தில் தமிழ் இணையக் கல்விக் கழகம் 'மாபெரும் தமிழ்க் கனவு' என்ற பெயரில் பல ஊர்களில் அறிஞர்களை மாணவர் முன் பேசச் செய்தது. நல்ல கேள்வி கேட்டவர்களுக்கு மேடையிலேயே பாராட்டும் வழங்கியது. மெச்சத்தக்க காரியம். ஆனால், நூற்றுக்கணக்கானவர் ஒரு மண்டபத்தில் கூடி, ஒரு நாள் கேட்டுக் கலைவது ஒன்று. படிப்பில் முன்னணியில் நிற்கும் சிலர் மாதந்தோறும் கூடி, கேட்டதைச் சோதித்துத் தாமே சிந்திக்கப் பழகுவது வேறொன்று. முன்னதைக் கண்டோம், பின்னதைக் காண விரும்புகிறோம்.

'ஆனர்ஸ்' என்ற சொல் நமக்குப் புதிதன்று. பழைய சென்னை சர்வகலாசாலையில் இண்டர்மீடியட் தேறியவர்கள் மூன்று வருஷம் ஆழ்ந்து படித்துப் பெற்ற பட்டம் அது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட திட்டத்தில் நான்கு வருஷப் படிப்புக்கு அதே பெயர் சூட்டப்பட்டது. அத்திட்டத்தின் குணதோஷங்களை இங்கே ஆராயப் புகவில்லை. எந்தத் திட்டமாயினும், முதல் தரத்தில் தேறும் மாணவருக்கு நாம் அளிப்பது வெறும் பட்டத்தின் நீளமா, சிந்தனையின் ஆழமா என்பதே கேள்வி.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை 1873-ல் தன் வாசலுக்கு வெளியே, நாட்டிங்ஹாம் முதலிய நகரங்களில், பிரசங்கங்களை ஆரம்பித்தது. அதற்கு வழி வகுத்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்பவர் பேசிவிட்டுப் போய்விடும் முறையை ஏற்கவில்லை. பிரசங்கத்தின் சாரத்தை அச்சிட்டுக் கையில் கொடுத்தார். கேள்விகள் கொடுத்து விடை எழுதி வரச் செய்தார். பிறகு உட்கார்ந்து விவாதித்தார். கேட்பவன் எழுதாவிட்டால் பிரசங்கம் காற்றோடு போகும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இதற்குச் சீமைக்குத்தான் போகவேண்டுமா? 1917-ல் நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை நம் கண்ணெதிரே இதைச் செய்து காட்டியவர். பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திப் பிழைத்த அவர், சர்வகலாசாலைப் பதவி எதுவும் இல்லாமலே நெல்லை ஆய்வுக் குழுவைக் கூட்டினார். ஒருவர் கட்டுரை படிப்பார். மற்றவர்கள் குறை கூறுவார்கள். திருந்திய கட்டுரை 1969 முதல் 'ஆராய்ச்சி' என்ற பத்திரிகையில் ஏறும். அவருடைய பொதுவுடைமைக் கொள்கை நமக்கு உடன்பாடா என்பது வேறு விஷயம். இளைஞரின் கட்டுரையையும் பெரியவரின் கட்டுரையையும் ஒரே தராசில் நிறுத்த அவருக்கு நெஞ்சுரம் இருந்தது. அதுதான் நமக்கு வேண்டியது. விஞ்ஞானத்தைத் தமிழில் கற்பிக்க இயலாது என்றவர்களுக்குத் 'தமிழில் முடியும்' என்ற நூலாலேயே பதில் கொடுத்தவரும் அவரே. இங்கிலீஷில் கேட்டு, மனப்பாடம் செய்து, பரீட்சையில் கொட்டிவிட்டு வரும் பிள்ளையால் எதிர்க்கேள்வி கேட்க முடிவதில்லை. தாய்ப் பாஷையில் கேட்டால்தான் ஐயம் பிறக்கும். ஐயம் பிறந்தால்தான் அறிவு வளரும்.

அதே நாங்குநேரியின் பெயர் 2023 ஆகஸ்டில் நாடெங்கும் வேறொரு காரணத்தால் அடிபட்டது. நன்றாகப் படித்துவந்த பட்டியல் வகுப்பு மாணவர் ஒருவரையும், தடுக்க வந்த அவர் தங்கையையும், உடன் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அரசாங்கம் நியமித்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் தன் அறிக்கையைக் கொடுத்தது. கையில் சாதிக் கயிறு கட்டுவதைத் தடுப்பது முதலான யோசனைகள் அதில் உள்ளன. கயிற்றை அறுக்கலாம், மனத்தில் விழுந்த முடிச்சை யார் அவிழ்ப்பது?

பிரசங்கத்தால் சாதிப் பகை ஒழிந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால், பக்கத்தில் அமர்ந்தவன் சுட்டிய பிழையால் தன் கட்டுரை மேன்மையுற்றதை ஒருமுறை கண்ட வாலிபன், அவன் குலம் என்ன என்று விசாரிக்க அவ்வளவு அவசரப்பட மாட்டான். அறிவுச் சபையில் சமமாய் உட்கார்ந்தவர்கள் தெருவில் எதிரிகளாய் நிற்பது எளிதன்று.

ஆகவே நாம் கேட்பது இதுதான். மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தன் கல்லூரிகளிலிருந்து வருஷந்தோறும் முப்பது ஆனர்ஸ் தர மாணவ மாணவிகளைத் தேர்ந்தெடுக்கட்டும். மாதம் ஒரு பிரசங்கம், தமிழில், நாங்குநேரியில் நடக்கட்டும். ரயிலும் நெடுஞ்சாலையும் உள்ள ஊர் அது. நெல்லையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். விஷயத்துக்குப் பஞ்சமில்லை. சிவகளைத் தாழியில் கிடைத்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்று காலம் கணித்தது எவ்வாறு என்று ரசாயன ஆசிரியர் விளக்கலாம். தாமிரபருணி வெள்ளத்தை நாங்குநேரியின் வறண்ட குளங்களுக்குக் கொண்டுவரும் கால்வாய்த் திட்டத்தின் வரவு செலவைப் பொருளாதார ஆசிரியர் ஆராயலாம். பிராமண குலத்தில் பிறந்து, சக்கிலியர் குலப் பெண்களை மணந்து, பாபநாச மலையில் தெய்வமாகிவிட்ட முத்துப்பட்டன் கதையை வானமாமலையே பதிப்பித்திருக்கிறார். அதை எடுத்துப் பேசலாம். ஒவ்வொன்றுக்கும் மாணவர் மறுமொழிக் கட்டுரை எழுத வேண்டும். அதைச் சபையில் படிக்க வேண்டும். சிறந்தவை அச்சேற வேண்டும்.

பொன்னாடையும் புகைப்படமும் இல்லாவிட்டால் செலவு அதிகமாகாது. வேண்டியது பணமல்ல, மனம். தம் ஊரின் பெயர் அரிவாளோடு சேர்த்துப் பேசப்படுவதை நாங்குநேரி மக்கள் விரும்பவில்லை. அவ்வூர் பெற்ற அறிஞனோடு சேர்த்துப் பேசும் நாளைச் சர்வகலாசாலை கொண்டுவருமா?