மால்டா ஆடுகளும் நம் மாட்டுத் தொழுவமும்

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில், ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த பிள்ளை ஒருவர் ஒரு செய்தியைப் பகிர்ந்திருந்தார். ராணுவ முகாம்களில் நடந்த ஆராய்ச்சிகளால்தான் பல நோய்களின் மூலம் உலகத்துக்குத் தெரிந்தது என்பது அதன் சாரம். கீழே வரிசையாகக் கைகூப்பல்கள். நானும் ஒன்று போட்டேன். ஆனால் அந்தக் கதைக்கு இரண்டாம் பாதி ஒன்று உண்டு. அது நம் ஊர்த் தொழுவம் வரை வருவதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

முதல் பாதியில் எனக்கு மறுப்பில்லை. என்னிடம் உயிரியல் படித்தவர்கள் ரொனால்ட் ராஸை மறந்திருக்க மாட்டீர்கள். ராணுவ மருத்துவர். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டவர். அவருக்கு முன்பே 1880ல் கிரிஃபித் எவான்ஸ் என்ற ராணுவக் கால்நடை மருத்துவர், இன்று பாகிஸ்தானில் இருக்கும் தேரா இஸ்மாயில் கானில், குதிரைகளையும் ஒட்டகங்களையும் கொன்றுகொண்டிருந்த சுர்ரா நோயின் கிருமியை அவற்றின் ரத்தத்தில் கண்டுபிடித்தார். பாடப்புத்தகத்தில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. கால்நடை மருத்துவர்களுக்கு எப்போதும் அப்படித்தான்.

ராணுவத்துக்கு ஏன் இது சுலபமாக வாய்த்தது? ஆயிரம் பேர் ஒரே இடத்தில் ஒரே சோறு, ஒரே தண்ணீர். எவனுக்கு என்றைக்குக் காய்ச்சல் வந்தது, எத்தனை நாள் படுத்தான், எல்லாம் பதிவேட்டில் இருக்கும். படுத்துக் கிடக்கும் சிப்பாயால் அரசுக்கு நஷ்டம். குதிரையும் ஒட்டகமும் இல்லாமல் படை நகராது. கருணையால் தொடங்கிய ஆராய்ச்சி அல்ல அது, கணக்கால் தொடங்கியது. அதில் தப்பில்லை. அந்தக் கணக்கில் யார் வரவில்லை என்பதுதான் என் கேள்வி.

இதற்கு மால்டாவை விடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. மத்தியதரைக் கடலில் ஒரு சின்னத் தீவு. பிரிட்டிஷ் கடற்படைக்கும் தரைப்படைக்கும் பெரிய தளம். அங்கே போகும் சிப்பாய்களை ஒரு காய்ச்சல் பிடிக்கும். சில நாள் ஏறும், இறங்கும், விட்டது என்று நினைக்கும்போது மறுபடி ஏறும். இரவில் சட்டை நனையும் வியர்வை, மூட்டுவலி, முதுகுவலி. சாவு குறைவு; ஆனால் மாதக்கணக்கில் ஆளை முடக்கிவிடும். மால்டா காய்ச்சல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

1887ல் டேவிட் புரூஸ் என்ற ராணுவ மருத்துவர், இந்தக் காய்ச்சலில் இறந்த சிப்பாயின் மண்ணீரலிலிருந்து கிருமியைப் பிரித்தெடுத்தார். அவருடைய மனைவி மேரி கூடவே இருந்து ஆய்வுக்கூட வேலை பார்த்தவர். கிருமி கிடைத்துவிட்டது. அது எங்கிருந்து வருகிறது என்று தெரிய இன்னும் 18 வருடம் ஆனது! காற்றைச் சந்தேகித்தார்கள், சாக்கடையைச் சந்தேகித்தார்கள். வாசலில் நின்ற ஆட்டை யாரும் சந்தேகிக்கவில்லை, ஏனென்றால் ஆடு நன்றாக இருந்தது.

1904ல் ராயல் சொசைட்டி ஒரு ஆய்வுக் குழுவை அமைத்தது. அதில் தெமிஸ்டொக்லிஸ் ஸம்மித் என்ற மால்டா மருத்துவர் இருந்தார். 1905ல் அவர் சோதனைக்காகச் சில ஆடுகளை எடுத்தார். அவற்றுக்குக் கிருமியைக் கொடுத்து என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் திட்டம். கொடுப்பதற்கு முன் ரத்தத்தைச் சோதித்தால், பெரும்பாலான ஆடுகளில் நோயின் தடயம் ஏற்கெனவே இருந்தது! அதன்பிறகு தீவு முழுக்கத் தேடினார்கள். அங்கிருந்த சுமார் 20,000 ஆடுகளில் ஏறக்குறைய பாதிக்கு ரத்தத்தில் தடயம். பத்தில் ஒன்று பாலிலேயே கிருமியை விட்டுக்கொண்டிருந்தது. அதே 1905ல் மால்டாவிலிருந்து 60க்கும் மேற்பட்ட ஆடுகளை ஏற்றிக்கொண்டு அமெரிக்காவுக்குப் போன ஜோஷுவா நிக்கல்சன் என்ற கப்பலில், வழியெல்லாம் ஆட்டுப்பால் குடித்த மாலுமிகளில் பலர் காய்ச்சலில் விழுந்தார்கள். இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

1906ல் உத்தரவு வந்தது. படையினர் யாரும் ஆட்டுப்பால் குடிக்கக் கூடாது, டப்பாப் பால்தான். நூற்றுக்கணக்கில் இருந்த காய்ச்சல் ஓரிரு வருடத்தில் படைமுகாம்களில் ஏறக்குறைய காணாமல் போனது. தடுப்பூசி இல்லை, மருந்து இல்லை, ஒரே ஒரு உத்தரவு. பகிர்ந்த பிள்ளை சொன்ன பெருமை இதுதான், நியாயமான பெருமை.

இரண்டாம் பாதிக்கு வருகிறேன். முகாம் மதிலுக்கு வெளியே இருந்த மால்டா ஜனங்களுக்கு என்ன ஆயிற்று?

அவர்களுக்கு உத்தரவு போட முடியாது. ஆட்டுப்பால்தான் அவர்களுக்குப் பால். இடையர்கள் ஆட்டை வீட்டு வாசலுக்கே ஓட்டிவந்து கண்ணெதிரே கறந்து கொடுப்பார்கள். நம் பட்டணங்களிலும் பால்காரர் மாட்டை வாசலில் கட்டிக் கறந்ததைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் கலக்கவில்லை என்பதற்கு அதுதான் உத்தரவாதம். அப்படி நம்பி வாங்கிய பாலில் நோய் இருக்கிறது, ஆட்டை விட்டுவிடு என்றால் யார் கேட்பார்கள்? ஆட்டை விட்டால் அந்த இடையன் வீட்டில் அடுப்பு எரியாது. பாலைக் காய்ச்சிப் பதப்படுத்தும் நிலையம் அங்கே 1938ல்தான் வந்தது. சிப்பாய் பிழைத்து முப்பது வருடத்துக்கு மேல் ஆன பிறகு. ஸம்மித் 1935லேயே காலமாகிவிட்டார். தன் சொந்த ஜனங்களுக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை. கிருமிக்கு வைத்த பெயரும் புரூசுடையது, புருசெல்லா.

நம் நாட்டிலும் இதே மதில் இருந்தது. படைகளுக்குச் சுத்தமான பால் கிடைக்க 1889ல் அலகாபாத்தில் முதல் ராணுவப் பண்ணையைத் தொடங்கினார்கள். 2021 மார்ச்சில்தான் அந்தப் பண்ணைகளை மூடினார்கள். நூறு வருடத்துக்கு மேல் ராணுவத்துக்குத் தனிப் பால், ஊருக்கு ஊர்ப் பால்.

"அதெல்லாம் சரி சார், நாம் பாலைக் காய்ச்சித்தானே குடிக்கிறோம்" என்பீர்கள். காய்ச்சினால் கிருமி செத்துவிடும், உண்மை. அதனால்தான் நாம் யாரும் இந்த நோயைப் பற்றிப் பேசுவதில்லை. குடிக்கிறவனுக்குக் காப்பு கிடைத்துவிட்டது. மாட்டோடு கிடக்கிறவனுக்கு?

கிராமத்தில் "மாடு கன்று வீசிடுச்சு" என்பார்களே, நிறைமாதத்துக்கு முன்பே, பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில். அதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று இந்தப் புருசெல்லோசிஸ். மாட்டில் வருவது மால்டா ஆட்டுக் கிருமியின் தம்பி. வீசிய கன்றிலும் இளங்கொடியிலும் கிருமி கொட்டிக் கிடக்கும். அதை வெறுங்கையால் இழுத்துப் போடுவது யார்? பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். கையில் சின்ன வெட்டுக்காயம் இருந்தால் போதும். பிறகு அவர்களுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வரும். டைபாய்டு என்று ஒரு கோர்ஸ், மலேரியா என்று ஒரு ஊசி, முதுகுவலிக்குத் தைலம். "வீட்டில் மாடு இருக்கா, கன்று வீசியதா" என்று கேட்க ஆளில்லாததால் மாதங்கள் ஓடும். கண்டுபிடித்தால் ஆறு வாரம் இரண்டு மருந்துகளைச் சேர்த்துச் சாப்பிட வேண்டும். பாதியில் விட்டால் திரும்ப வரும்.

அரசு சும்மா இல்லை. 2019ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் கோமாரியோடு இதற்கும் தடுப்பூசி உண்டு. 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுக்கு, ஆயுளுக்கு ஒரே முறை. நல்ல விஷயம். ஆனால் என் அபிப்பிராயத்தில் மூன்று ஓட்டைகள் அடைபடவில்லை. கால்நடை மருத்துவருக்கு ஒரு வீட்டில் இந்த நோய் தெரியவந்தால், அந்த வீட்டு மனிதர்களைச் சோதிக்கும்படி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சேதி போவது இன்றும் வழக்கமாகவில்லை. மால்டாவில் ஆட்டு ரத்தத்தையும் ஆள் ரத்தத்தையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தார்கள், நமக்கு இரண்டு துறை, இரண்டு கட்டடம். அடுத்தது, நோய் உள்ள மாடு என்று தெரிந்தால் அந்த ஏழைக்கு யார் பணம் கொடுப்பது? கொடுக்காவிட்டால் அவர் அதைச் சந்தைக்கு ஓட்டுவார், நோய் அடுத்த ஊருக்குப் போகும். அவரைத் திட்டிப் பயனில்லை, நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்வேன். மூன்றாவது, பால் சங்கத்தில் தினமும் கொழுப்பு பார்க்கிறார்கள். கலந்த பாலிலேயே இந்த நோயைக் காட்டிக்கொடுக்கும் வளையச் சோதனை என்று ஒன்று மலிவாக இருக்கிறது. அதைச் சில மாதத்துக்கு ஒருமுறை செய்ய எவ்வளவு செலவாகிவிடும்?

ஊரில் மாடு வைத்திருக்கும் சொந்தங்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். கன்று வீசினால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், பெரிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டாலும் வெறுங்கைக்குத் தேவலாம். கர்ப்பிணிப் பெண்களைக் கிட்ட விடாதீர்கள். இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டும் பழக்கம் நமக்கு உண்டு. வீசிய கன்றின் கொடியை அப்படிக் கட்ட வேண்டாம், நாய் இழுக்காதபடி ஆழமாகக் குழிவெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். காய்ச்சல் பத்து நாளுக்கு மேல் போனால் டாக்டரிடம் முதல் வாக்கியமாக "எங்க வீட்ல மாடு இருக்கு" என்று சொல்லுங்கள்.

என் மாணவர்களில் கால்நடை மருத்துவர்கள் நான்கைந்து பேர் இருக்கிறீர்கள். உங்கள் பகுதியில் கிடேரிக் கன்றுகளுக்கு அடுத்த தடுப்பூசி எப்போது என்று கீழே எழுதுங்கள். ராணுவக் கால்நடைப் பிரிவில் இருந்தவர்கள், பண்ணை மாடுகளுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை ரத்தச் சோதனை செய்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். நம் பால் சங்கத் தலைவரிடம் அதைக் காட்டிப் பேசலாம் என்றிருக்கிறேன்.